புது நேரமா, பழைய நேரமா?

போன வாரம் உங்களில் ஒரு தம்பி எனக்கு போன் எடுத்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். இதைப் படிக்கும்போது அவருக்கே காது சிவக்கும்.

"மிஸ், அந்தத் தோட்டத்து ஆபிஸ்ல இருந்த பழைய டொஸ் புரோகிராமத் தூக்கிட்டேன். புதுசு போட்டாச்சு. ரெண்டும் ஒரே வேலதான். அரை நாள்ல முடிஞ்சிருச்சு!"

குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கும் மனமில்லைதான். ஆனாலும் கேட்டேன்: "அதுல இத்தனை வருஷமா வேலை செஞ்சாரே கிளாக்கர், அவரோட பேசினீங்களா?"

"அவருக்குக் கம்ப்யூட்டர் பத்தி ஒன்னும் தெரியாது மிஸ்."

அந்த ஒரு பதிலுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் ஒருமுறையாவது படித்துவிடுங்கள். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஹட்டன் பஸாருக்கு மேலே ஒரு மாடியில் டைப்ரைட்டிங் வகுப்பாகத் தொடங்கி, கம்ப்யூட்டர் வகுப்பாக மாறி, கடைசியில் ரிப்பேர் கடையாகவே ஆகிப்போன ஓர் இடத்தை நடத்தியவள் நான். ஊரில் எனக்குப் பெயரே கம்ப்யூட்டர் மிஸ்தான். இப்போது ஓய்வு. கண் நன்றாக இருக்கிறது, மூளையும் பரவாயில்லை, முழங்கால்தான் ராஜினாமா கொடுத்துவிட்டது. நம் ஊரில் எந்தக் கடைக்குப் போவதென்றாலும் படி ஏறாமல் போக முடியாதே.

புது மெஷின்களை நீங்கள் என்னைவிட நன்றாகப் பார்க்கிறீர்கள். அதில் எனக்குப் பொறாமை கிடையாது. நான் சொல்வது பழைய டொஸ் சமாச்சாரம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது. உங்களில் பாதிப் பேர் பிறப்பதற்கு முன்னால் யாரோ எழுதியது. ஆனாலும் தோட்டத்து ஆபிஸ், தேயிலை ஃபெக்டரி, டவுன் கடை என்று இன்னும் பல இடங்களில் அவை உயிரோடு இருக்கின்றன. ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், "ஓடுதே மிஸ்" என்பார்கள். அதைவிட நல்ல காரணம் எனக்கும் தெரியாது.

இந்தப் பழையவைகளைப் புது மெஷினில் ஓட்டுவது ஒரு தனி வேடிக்கை. சிலது திறந்த உடனேயே மயங்கி விழும். கோளாறு இல்லை, வேகம் தாங்கவில்லை. புது மெஷினை வேண்டுமென்றே மந்தமாக நடக்க வைத்தால்தான் அவை கண் திறக்கும். உங்களுக்கு எல்லோரும் வேகத்தைக் கூட்டச் சொல்லிக் காசு கொடுக்கிறார்கள். நான் வேகத்தைக் குறைத்துக் காசு வாங்கியவள். யாருக்கு யோகம் பாருங்கள்.

அதெல்லாம் கையால் செய்யும் வேலை, உங்களுக்கு ஒரு கிழமையில் வந்துவிடும். வராதது வேறு. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபிஸில் பெரிய கிளாக்கர் தினமும் காலையில் மெஷினைப் போட்டதும் திகதியை மாற்றுவார். கிழமைகள் ஒத்துப்போகிற ஒரு பழைய வருஷத்துக்குக் கொண்டுபோய் வைப்பார். அந்த டொஸ் புரோகிராமுக்குப் புது வருஷங்கள் பிடிக்காது, உள்ளே விடாது. ரிப்பேருக்குப் போன பையன் ஒருவன், "ஐயா, உங்க மெஷின்ல திகதி பிழையா இருக்கு" என்று நல்ல பிள்ளையாகத் திருத்தி வைத்துவிட்டு வந்துவிட்டான். மறுநாள் காலையில் ஆபிஸே நின்றது. அந்தப் பையனுக்கு அன்றைக்கு விழுந்த பேச்சில் தேயிலைக் கொழுந்தே வாடியிருக்கும்.

சரி, இனி பஸார் முதலாளி ஒருவரின் கதைக்கு வருகிறேன். இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது.

ஹட்டன் பஸாரில் பூசைச் சாமான் கடை வைத்திருந்தார் முதலாளி. கற்பூரம், சாம்பிராணி, குங்குமம், காலண்டர், பஞ்சாங்கம். கடையின் மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர். மேலே 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று ஒரு பலகை. திருச்சியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனவர், வரும்போது பட்டுச்சேலையோடு ஒரு டொஸ் ஜாதகப் புரோகிராமையும் ஃப்ளொப்பியில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நல்லதண்ணியிலிருந்து டயகம வரைக்கும் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அந்த மூலைக்குத்தான் வருவார்கள். பிரின்டர் கிர்ர் கிர்ர் என்று சத்தம் போட்டு அச்சடிக்கும்போது, பிள்ளையின் தலையெழுத்தையே அப்போதுதான் எழுதுகிறார்கள் என்பது போலச் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

முதலாளிக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது அந்த ஒரு புரோகிராம்தான். ஆனால் அதில் அவர் விரல், கீபோர்டைப் பார்க்காமலே ஓடும். ஒரு பக்கம் சூடம் விலை சொல்லிக்கொண்டே மறு பக்கம் ஜாதகம் அடிப்பார்.

ஒரு சித்திரை மாத இடி மழையில் அந்த மெஷின் போய்விட்டது. மழை வந்தால் பிளக்கைக் கழற்றுங்கள் என்று நான் தொண்டை கிழியச் சொல்லியிருந்தேன். அவர் கழற்றியது ஃபேனின் பிளக்கை. மகன் ரமேஷ் கொழும்பில் படித்துவிட்டுக் கடையைப் பார்க்க வந்திருந்தான். கெட்டிக்காரன், மரியாதை தெரிந்தவன். அவன் ஒரு லெப்டொப் வாங்கி, புது ஜாதகப் புரோகிராம் ஒன்றைப் போட்டான். கலரில் பிள்ளையார் படத்தோடு அச்சடிக்கும். முதலாளிக்கு அந்தப் பிள்ளையாரைப் பிடித்துப்போனது. பழையதை எல்லோரும் மறந்தோம்.

அப்புறம் ஒரு நாள் காலையில் முதலாளியின் போன்.

"மிஸ், ஒடனே கடைக்கு வாங்க. ஒரு கல்யாணம் நிக்கப் போகுது."

"கல்யாணத்துக்கு நான் என்ன பண்றது முதலாளி? ஐயரக் கூப்பிடுங்க."

"ஐயரு வேணாம் மிஸ், எனக்குப் பழைய மெஷினு வேணும்!"

போனேன். கடைக்குள் மூன்று பெண்கள். ஒருவர் லெட்சுமி அக்கா, பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவர் மகள் தர்ஷினி, தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். என்னிடம் டைப்பிங் படித்த பிள்ளை. அவள் அழவில்லை, காலண்டர் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது, டயகமவிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா. குடையை ஊன்றிக்கொண்டு நேராக நின்றார். முதலாளி போட்ட ஸ்டூலில் உட்காரவில்லை.

விஷயம் இதுதான். தர்ஷினிக்கும் அந்தப் பையனுக்கும் மனம் ஒத்துப்போய், இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கி, ஜாதகமும் பொருந்திவிட்டது. அன்று கோயிலில் நாள் குறிக்க வேண்டியது. தர்ஷினியின் ஜாதகம், அவள் பிறந்தபோது முதலாளி அடித்துக் கொடுத்த பழைய தாள். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. "இதுல கட்டமெல்லாம் வாசிக்க முடியல, புதுசா ஒன்னு அடிச்சு வாங்கிட்டு வாங்க" என்று ஐயர் சொல்லியிருக்கிறார். சம்பந்திகள் இருவரும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள். ரமேஷ் அந்தத் தாளில் இருந்த பிறந்த நாளையும் நேரத்தையும் பார்த்து லெப்டொப்பில் அடித்தான். பிள்ளையார் படத்தோடு அழகாக வந்தது.

பழைய தாளில் மகம் நட்சத்திரம். புதுத் தாளில் ஆயில்யம்.

ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு; உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த மாமியாரே குடையோடு கடையில் நிற்கிறார்.

"மகம்னு சொன்னீங்க, ஆயில்யம்னு வருது," என்றார் டயகம அம்மா. சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எதுங்க நெசம்? அப்பவே யாராவது மாத்தி அடிச்சுக் குடுத்தீங்களா?"

"சாமி சத்தியமா நாங்க ஒன்னும் மாத்தலங்க," என்று லெட்சுமி அக்கா மறுபடி அழத் தொடங்கினார்.

"என் பழைய மெஷின்ல போட்டா மகம்தான் வரும். எழுதி வச்சுக்கங்க!" என்று முதலாளி மேசையைத் தட்டினார். அவருக்கும் மானப் பிரச்சினை. அந்த மூலையில் எத்தனை வீட்டுப் பிள்ளைகளின் ஜாதகம் அச்சாகியிருக்கிறது!

எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை உண்டா இல்லையா என்று கேட்காதீர்கள். தேத்தண்ணி குடிக்காதவரும் ஃபெக்டரி மோட்டாரைத் திருத்தலாம். அங்கே ஒரு பிள்ளையின் கல்யாணம் நிற்கிறது, என் கையில் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. தொட்ட டொஸ் புரோகிராம் ஒவ்வொன்றையும் ஒரு பிரதி எடுத்து வைப்பது என் பழக்கம். நீங்களும் பழகுங்கள்.

ரமேஷின் லெப்டொப்பிலேயே வேலையைத் தொடங்கினேன். பழைய டொஸ் உலகத்தைப் போலவே நடிக்கும் ஒரு சின்னப் புரோகிராமைப் போட்டு, அதற்குள் ஜாதகத்தைத் திறந்தேன். விழுந்தது. வேகத்தைக் குறைத்தேன். ஃப்ளொப்பி எங்கே என்று கேட்டது. இருக்கிறது என்று அதை நம்ப வைத்தேன். டயகம பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று டயகம அம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டார். மூன்றாவது தடவை சொல்வதற்குள் நீலத் திரையும் மஞ்சள் கட்டமும் வந்துவிட்டன. முதலாளி முகத்தைப் பார்க்க வேண்டுமே! வெளிநாடு போன ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்ற மாதிரி.

"தள்ளுங்க மிஸ்," என்று உட்கார்ந்தார். பழைய தாளைப் பார்த்து நாளை அடித்தார். பிறந்த நேரம் காலை ஐந்து ஐம்பது. அடித்தார்.

மகம்.

"பாத்தீங்களா!" என்று முதலாளி எழுந்தே விட்டார். லெட்சுமி அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். நானும் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். வேலை முடிந்தது, காசை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம் என்றுதான் நினைத்தேன்.

"அப்பா, ஒரு நிமிஷம்," என்றான் ரமேஷ். "இந்தப் பழைய புரோகிராமுக்குப் புது நேரம் தெரியாதுப்பா. அதான் பிழையா வருது."

அவன் சொன்னது சரி. உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்காது. நம் நாட்டில் ஒரு காலத்தில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க என்று கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தார்கள். முதலில் ஒரு மணி நேரம், பிறகு அதை அரை மணியாகக் குறைத்தார்கள். அந்த அரை மணி கிட்டத்தட்டப் பத்து வருஷம் அப்படியே இருந்தது. அதைத்தான் புது நேரம் என்போம். காலையில் தோட்டத்தில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்கள் இருட்டோடு எழும்பினார்கள். யார் எந்த நேரத்தைச் சொன்னாலும், புது நேரமா பழைய நேரமா என்று கேட்காமல் ஒரு வேலை நடக்காது. தர்ஷினி பிறந்தது அந்த வருஷங்களில், அரை மணிக் காலத்தில். திருச்சியில் எழுதிய டொஸ் புரோகிராமுக்கு இந்தக் கூத்து எதுவும் தெரியாது. ரமேஷின் புரோகிராமுக்குத் தெரியும். அந்த வருஷங்களில் பிறந்தவர்களுக்கு அது தானாகவே அரை மணியைக் கழித்துவிடும். ஆயில்யம் முடிந்து மகம் தொடங்குகிற வேளையில் பிறந்த பிள்ளை. அரை மணி முன்னே போனால் ஆயில்யம்.

ரமேஷ் இதை எல்லோருக்கும் விளங்குகிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னான். அவனுக்கும் சொல்ல விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அப்ப ஆயில்யந்தான்," என்றார் டயகம அம்மா. குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

லெட்சுமி அக்கா என்னைச் சாம்பிராணி மூட்டைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "மிஸ், நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா நம்புவாங்க. பழைய மெஷினுதான் சரின்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. எம்புள்ள வாழ்க்க மிஸ்."

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தை எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை இன்னும் காலண்டர் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லியிருந்தால் யாரும் என்னைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நாளைக்கே வேறு யாராவது ஒரு போனில் தட்டிப் பார்த்து ஆயில்யம் என்று சொன்னால்? நான் ஹட்டனில் சுகமாக இருப்பேன். டயகமவில் அந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு, ஏமாற்றிக் கட்டிவைத்தவள் என்ற பேச்சைக் கேட்கப்போவது அவள்தான்.

இன்னொன்றும் எனக்கு இடித்தது. பழைய புரோகிராம் பிழை என்றால், அந்தப் பத்து வருஷமும் முதலாளி அடித்த ஜாதகம் எல்லாமே அரை மணி பிழை. அந்தத் தாள்கள் எத்தனை ஐயர் கைக்குப் போயிருக்கும்! அவர்களுக்கு முதலாளியின் கம்ப்யூட்டர் மேல் ஏற்கனவே கடுப்பு. ஒரு பிழை அகப்பட்டிருந்தால் பஸார் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அப்படியானால் எங்கோ யாரோ அதைச் சரி செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

"முதலாளி, அந்தக் காலத்துல புது நேரத்துக்காக ஏதாவது மாத்துவீங்களா?"

"நானா? நான் ஒன்னும் மாத்துறதில்ல மிஸ். அவங்க சொல்ற நேரத்தக் கேப்பேன், அப்படியே அடிப்பேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சாமி படத்துக்கு முன்னால நின்னு சொல்றேன். அப்படியே அடிப்பேன்."

பொய் சொல்கிற ஆள் இல்லை. எனக்கும் வேறு வழி தெரியவில்லை. சும்மா நிற்பதை விட இன்னும் ஒரு ஜாதகம் போட்டுப் பார்க்கலாம், யோசிக்க நேரமாவது கிடைக்கும் என்று நினைத்தேன். என் மகளும் அதே அரை மணிக் காலத்தில் பிறந்தவள்தான்.

"சரி, என் மகளுக்கு ஒன்னு போடுங்க." நாளைச் சொன்னேன். "காலையில ஏழே கால்."

"ஆஸ்பத்திரியிலதானே?"

"ஆமா."

டக் டக் என்று அடித்தார். லெட்சுமி அக்காவும் மகளும் வாசல் பக்கம் போய்விட்டார்கள். நான் திரையைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். ஆறு நாற்பத்தைந்து.

"முதலாளி, நான் என்ன நேரம் சொன்னேன்?"

"ஏழே கால்."

"நீங்க என்ன அடிச்சிருக்கீங்க?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஆறே முக்கால்." பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "அது புது நேரம்ல மிஸ்? கழிக்கணும்ல? இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

ரமேஷ் அந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

முதலாளியைப் பொறுத்தவரை அவர் எதையும் மாற்றவில்லை. தன் தாளைப் பார்த்து அடிக்கும்போது கழிக்காத விரல், அந்த வருஷத்து ஆஸ்பத்திரி நேரம் என்று காதில் விழுந்ததும் தானாகக் கழித்துவிட்டது. மூச்சு விடுவதை யாராவது ஒரு வேலையாகச் சொல்வார்களா? அப்படியானால் தர்ஷினியின் பழைய தாளில் இருந்த ஐந்து ஐம்பது, ஏற்கனவே கழித்த நேரம். அதை எடுத்து ரமேஷ் தன் புரோகிராமில் போட்டான். அது கடமை தவறாமல் இன்னும் ஒரு அரை மணியைக் கழித்தது.

முதலாளி உடனே சத்தம் போடப் போனார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இதை வெளியே சொல்லிவிட்டுப் பிறகு கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். முதலில் கேட்க வேண்டும். வாசலுக்குப் போனேன். டயகம அம்மாவையும் கூட்டிக்கொண்டே போனேன்.

"அக்கா, தாளை மறந்துடுங்க. பிள்ளை பிறந்தப்ப ஆஸ்பத்திரியில என்ன நேரம் சொன்னாங்க?"

லெட்சுமி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது எப்படி மிஸ் மறக்கும்? புள்ள அழுதிச்சு, ஒடனே நர்ஸ் நோனா சொவத்துக் கடிகாரத்தப் பாத்து 'ஹயாய் விஸ்ஸாய்'னு சிங்களத்துல சத்தமாச் சொன்னாங்க. இன்னொரு நோனா எழுதிக்கிட்டாங்க. ஆறு இருவது மிஸ். எங்க வீட்டுக்காரரு அதத்தான் முதலாளிகிட்ட வந்து சொன்னாரு."

"இந்தத் தாளுல அஞ்சு அம்பதுன்னு இருக்கே?"

"அப்படியா இருக்கு? நாங்க நட்சத்திரத்த மட்டுந்தானே மிஸ் பாப்போம்!"

உள்ளே வந்து ரமேஷை அவனுடைய புதுப் புரோகிராமிலேயே ஆறு இருபது என்று அடிக்கச் சொன்னேன். பிள்ளையார் வந்தார், கட்டங்கள் வந்தன. சிம்ம ராசி, மகம் நட்சத்திரம்.

பழைய புரோகிராம் சரி, புதுப் புரோகிராமும் சரி, அப்பாவும் சரி, மகனும் சரி. இரண்டு சரியும் ஒரே பிள்ளை மேல் ஏறி உட்கார்ந்ததுதான் பிழை. ரமேஷ் டயகம அம்மாவுக்கு இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்துக் காட்டி விளக்கினான். அவர் கடைசி வரை கேட்டார். பிறகுதான் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினோம். முதலாளி பிளேன்டீ சொல்லி அனுப்பினார். அப்போதுதான் தர்ஷினி முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"மிஸ், நெசமாவே ஆயில்யமா இருந்திருந்தா? அச்சடிச்சுக் குடுத்திருப்பீங்களா?"

என்னிடம் படித்த பிள்ளை. அவளிடம் மழுப்ப என்னால் முடியவில்லை.

"குடுத்திருப்பேன்மா," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. பதில் வந்தது டயகம அம்மாவிடமிருந்து.

"குடுத்திருந்தா நான் வாங்கிட்டுப் போயி அடுப்புல போட்டிருப்பேன்," என்றார். "நானே ஆயில்யந்தான்."

முதலாளி டீயை மேசையில் ஊற்றிவிட்டார்.

"எங்க மாமியா படியில வழுக்கி விழுந்தாலும் நான்தான் காரணம், மாடு பால் கறக்கலன்னாலும் நான்தான் காரணம். இருவது வருஷம் கேட்டேன். எனக்கு ஏதாச்சும் ஆயிரும்னு பயந்து நான் இங்க நிக்கலம்மா. அந்தப் பேச்சு மறுபடி அந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. சொந்தக்காரங்க எல்லாரும் தாளக் கேப்பாங்க. எதுன்னாலும் எனக்கு மொதல்ல தெரியணும், அப்பதான் அவங்க வாய நான் அடைக்க முடியும்." பிறகு அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்குச் சீனி கொஞ்சமாப் போடச் சொல்லுங்க."

லெட்சுமி அக்கா மறுபடி அழுதார், இந்தத் தடவை வேறு அழுகை. நானும் அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

அதற்குப் பிறகு ரமேஷ் லெப்டொப்பின் ஓரத்தில் பிளாஸ்டர் ஒட்டி அதில் 'புது நேரமா, பழைய நேரமா?' என்று எழுதி வைத்தான். பழைய புரோகிராமையும் எடுக்க விடவில்லை. இரண்டிலும் போட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றாக வந்தால்தான் தாளைக் கொடுப்பான். முதலாளிக்கு ஒரே பெருமை. "அப்படியே அடிப்பேன்" என்று இப்போதும் சொல்கிறார்.

ஆகவே தம்பி, தங்கச்சிகளே, ஒரு பழைய புரோகிராமில் பாதிதான் மெஷினுக்குள் இருக்கும். மீதி அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறவரின் கையில் இருக்கும். அவருக்கே அது தெரியாது. அதனால் 'நீங்கள் என்ன செய்கிறீர்கள்?' என்று அவரிடம் கேட்டதோடு வந்துவிடாதீர்கள். உட்கார வைத்து ஒன்று செய்யச் சொல்லுங்கள். திரையையும் விரலையும் பாருங்கள். போன வாரம் போன் எடுத்த தம்பி, நீங்கள் நாளைக்கே போய் அந்தக் கிளாக்கரோடு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பஸ் காசு நான் தருகிறேன்.

இந்தத் தை மாதம் ஒரு நாள் காலையில் எனக்கு டயகமவிலிருந்து போன் வந்தது. எடுத்ததும் மூச்சு விடாமல் பேசினார் அந்த அம்மா.

"மிஸ், தர்ஷினிக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. காலையில ஏழு பத்து. இப்ப இருக்கிற நேரந்தான் மிஸ், கழிக்கிறதுக்கு ஒன்னுமில்ல!"

"ரொம்ப சந்தோஷம்மா. என்ன நட்சத்திரம்? முதலாளிகிட்டச் சொல்லிப் பாக்கச் சொல்லட்டுமா?"

"அது என்னமோ இருக்கட்டும் மிஸ். நீங்க மொதல்ல வந்து புள்ளயப் பாருங்க."